நீருக்கடி கேமராவுக்கு மெமரி கார்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துப் பிரப்பன்வலசைக் கடலில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டிக் கொஞ்சம் நீந்தினால் கடற்புல் தரை தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் தாழை என்பார்கள். ஒரு ஜூலை மாதக் காலையில் அந்தத் தாழைக்குள் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு கடல்குதிரை நின்றது. விரல் நீளம்கூட இருக்காது. அலை வரும்போது தாழையோடு சேர்ந்து சாயும். அலை போனதும் நிமிரும். தொடாமல், தண்ணீரைக் கலக்காமல் பதினோரு நிமிடம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறக்கவில்லை. புகைப்படங்களில் மேல்பாதி பச்சை, கீழ்ப்பாதி வெறும் சாம்பல். 32 ஜிபி என்று எழுதியிருந்த அந்தக் கார்டுக்குள் உண்மையில் இருந்தது 4 ஜிபிக்கும் குறைவு.

அது நான் வாங்கிய இரண்டாவது கார்டு. முதலாவது, 64 ஜிபி. மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய கேமரா அதை ஏற்கவே இல்லை. பிறகு 4கே என்னும் உயர் தெளிவு வீடியோ எடுக்கும் புதுக் கேமரா வாங்கி, அதற்கு ஒரு கார்டு போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நிமிடத்தில் பதிவு தானாக நின்றது. மூன்று கார்டுக்கும் சேர்த்து 1,799 ரூபாய். பணத்தைவிட அந்தப் பதினோரு நிமிடம் போனதுதான் இன்றும் மனதில் நிற்கிறது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே, நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் கேமராவின் கையேட்டைப் பாருங்கள்

கார்டு வடிவத்தில் பொருந்துவது போதாது. பார்ப்பதற்கு ஒரே அளவில் இருக்கும் எஸ்டி கார்டுகளுக்குள் தலைமுறை வேறுபாடு இருக்கிறது. 2 ஜிபி வரை சாதாரண எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி. 32 ஜிபிக்கு மேல் 2 டிபி, அதாவது சுமார் 2,000 ஜிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமரா புதிய தலைமுறைக் கார்டை ஏற்காது. எஸ்டிஎச்சி வரை மட்டும் தெரிந்த கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டால் ‘கார்டு பிழை’ என்று திரையில் வரும். என்னுடைய முதல் 900 ரூபாய் போனது இங்கேதான்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் கொடுத்த கேமராக்கள் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றோடு கையேடு வருவதில்லை. கேமராவின் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் மாடல் பெயர் அச்சிட்டிருக்கும். அதை வைத்துத் தேடினால் நிறுவனத்தின் தளத்திலேயே கையேடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் ‘பயன்படுத்தக்கூடிய கார்டுகள்’ என்ற பக்கத்தை மட்டும் அலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்ட வேண்டிய முதல் ஆவணம் அதுதான்.

சில கடைகளில் ‘64 ஜிபியை எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்து தருகிறேன், ஓடும்’ என்பார்கள். சில கேமராக்களில் ஓடவும் செய்யும். ஆனால் நடுவில் எப்போது மறுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கரையில் எடுக்கும் படத்துக்கு வேண்டுமானால் அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். கடலுக்கு வேண்டாம்.

உங்கள் கேமராவுக்கு மைக்ரோ எஸ்டியா, பெரிய எஸ்டியா என்பதையும் கையேட்டிலேயே பாருங்கள். ஆக்‌ஷன் கேமராக்கள் பெரும்பாலும் மைக்ரோ எஸ்டி எடுக்கும். ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கையடக்கக் கேமராக்கள் பெரிய எஸ்டி எடுக்கும். பெரிய எஸ்டி இடத்தில் மைக்ரோ எஸ்டியை அடாப்டருக்குள் வைத்துப் போடலாம் என்றாலும் நான் அதைத் தவிர்க்கிறேன். அடாப்டர் என்பது கூடுதலாக ஒரு தொடுமுனை. உப்புக் காற்றில் முதலில் கெடுவது தொடுமுனைகள்தான்.

பழைய நீர்புகாக் கேமராவை யாராவது விலைக்குக் கொடுத்தால், அது எக்ஸ்டி பிக்சர் கார்டு எடுக்கும் கேமராவா என்று கேளுங்கள். 2002ஆம் ஆண்டில் ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் கொண்டுவந்த வகை அது. 2 ஜிபிக்கு மேல் வரவே இல்லை, புதிதாகவும் கிடைப்பதில்லை. கேமரா எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

2. எத்தனை ஜிபி என்பதைப் பேட்டரியை வைத்து முடிவு செய்யுங்கள்

இந்த ஒன்றை எனக்கு யாரும் சொல்லவில்லை. கடலுக்குள் கார்டை மாற்ற முடியாது. படகில் வைத்து மாற்றுவதும் ஆபத்து; ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன். ஆகவே கேமராவின் கார்டுக் கதவை வீட்டில் மூடினால், வீட்டுக்குத் திரும்பி வந்துதான் திறக்க வேண்டும். அதுவரை தாங்கும் கார்டு வேண்டும். அதேநேரம், பெரும்பாலான கேமராக்களில் பேட்டரியும் அதே கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் எப்படியும் கதவைத் திறந்தாக வேண்டும். பேட்டரி தாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கினால் போதும். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ஜிபியும் வீண்.

கணக்கு எளிது. கையேட்டில் வீடியோவின் அளவு மெகாபிட் கணக்கில் இருக்கும். அதை எட்டால் வகுத்தால் மெகாபைட், அதாவது எம்பி. 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இந்த வேகத்தில் 32 ஜிபி கார்டு 42 நிமிடத்தில் நிரம்பும். 64 ஜிபி கார்டு 85 நிமிடம் வரும். என் கேமராவின் பேட்டரி 4கே எடுத்தால் ஒரு மணி நேரம்கூட முழுதாக வருவதில்லை. எனவே எனக்கு 64 ஜிபி. அதே கேமராவில் முழு எச்டி, விநாடிக்கு 24 மெகாபிட் என்றால், மணிக்கு 10.8 ஜிபிதான்; 32 ஜிபியே மிச்சமாகும். புகைப்படம் மட்டும் எடுப்பவர்கள் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் ஒன்றுக்கு 5 எம்பி வைத்தாலும் 32 ஜிபியில் ஆயிரக்கணக்கில் அடங்கும்.

நாள் முழுக்கக் கடலில் இருக்கப்போகிறீர்கள், நடுவில் கரைக்கு வந்து ஓர் அறைக்குள் பேட்டரி மாற்றியே ஆக வேண்டும் என்றால் 128 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி இரண்டு நல்லது. பேட்டரியை மாற்றும்போதே கார்டையும் மாற்றிவிடுங்கள். பிற்பகலில் கேமராவுக்குள் தண்ணீர் புகுந்தாலும் காலையில் எடுத்தது பையில் பத்திரமாக இருக்கும்.

64 ஜிபி கார்டை விண்டோஸ் கணினியில் போட்டால் 59.6 என்று காட்டும். 32 ஜிபி 29.8 என்று காட்டும். பயப்படாதீர்கள். நிறுவனம் ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. போலிக் கார்டின் கதை வேறு. அது முழு அளவைக் காட்டிக்கொண்டே ஏமாற்றும்.

3. கார்டின் மேல் உள்ள குறிகளில் எதைப் பார்க்க வேண்டும்

பெரிய எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். ‘விநாடிக்கு 170 எம்பி’ என்று பளிச்சென்று எழுதியிருப்பது படிக்கும் வேகம். அதாவது கார்டிலிருந்து கணினிக்கு இறக்கும் வேகம். கேமராவுக்குத் தேவை எழுதும் வேகம், அதிலும் எவ்வளவு தொய்ந்தாலும் இதற்குக் கீழே போகாது என்ற உறுதி. யூஎச்எஸ்-1 என்ற தரவுப் பரிமாற்ற முறையின் உச்ச வரம்பே விநாடிக்கு 104 எம்பிதான். அதைத் தாண்டிய எண் பெரும்பாலும் கார்டைக் கணினியோடு இணைக்க அந்த நிறுவனமே விற்கும் சொந்த ரீடரில் மட்டும் கிடைப்பது.

பார்க்க வேண்டியவை சிறிய குறிகள். ஆங்கில ‘சி’ எழுத்துக்குள் 10 என்றிருந்தால் குறைந்தது விநாடிக்கு 10 எம்பி. ‘யூ’ எழுத்துக்குள் 1 என்றிருந்தாலும் அதே 10. ‘யூ’வுக்குள் 3 என்றால் 30 எம்பி. ‘வி’ எழுத்தை அடுத்து 30 என்றாலும் 30 எம்பி. வி60, வி90 என்றால் 60, 90.

இப்போது மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4கேவுக்கு விநாடிக்கு 12.5 எம்பி வேண்டும். யூ1 கார்டு உறுதி தருவது 10. என்னுடைய மூன்றாவது கார்டு நின்று நின்று போனதற்குக் காரணம் இதுதான். கரையில் சோதித்தபோது ஒருமுறை ஓடியது. புதுக் கார்டு காலியாக இருக்கும்போது வாக்களித்ததைவிட வேகமாகவே எழுதும். பாதி நிரம்பிய பிறகுதான் அதன் சுயரூபம் தெரியும்.

ஆகவே 4கே எடுப்பவர்களுக்கு யூ3 அல்லது வி30. வி60, வி90 கார்டுகளின் பின்புறம் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் இருக்கும். அவை யூஎச்எஸ்-2 வகை. உங்கள் கேமரா யூஎச்எஸ்-1 என்றால் இரண்டாவது வரிசைக்கு வேலையே இல்லை. பலமடங்கு விலை கொடுத்து அதை வாங்காதீர்கள். ஏ1, ஏ2 என்ற குறிகள் அலைபேசியில் செயலிகள் ஓடுவதற்கானவை. கேமராவுக்குப் பொருட்டே இல்லை.

4. எப்போது வாங்குவது

கடலுக்குப் போகும் நாளுக்குப் பத்து நாள் முன்பே கார்டு கையில் இருக்க வேண்டும். ராமேசுவரம் தீவுக்கு இணையத்தில் வாங்கும் பொருள் வர சில நாள் ஆகும். சோதிக்க ஒரு மாலை வேண்டும். கெட்ட கார்டாக இருந்தால் மாற்றிவர இன்னும் ஒரு வாரம்.

எந்தக் கடல் தெளிந்திருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா, அதாவது தென்கடல், கொந்தளிக்கும். பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தலைகீழ். கலங்கிய தண்ணீரில் எந்தக் கார்டும் நல்ல படம் தராது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அந்தப் பக்கம் எடுக்க நினைத்தால் ராமநாதபுரத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் அனுமதி கேட்காமல் படகு ஏறாதீர்கள். விண்ணப்பம் அங்கே இருக்கும் நாட்களில் கார்டு வேலையை முடித்துவிடலாம்.

5. எங்கே வாங்குவது, எதைக் கேட்டு வாங்குவது

249 ரூபாய்க்கு 32 ஜிபி என்று பஸ் நிலையத்தின் அருகே அலைபேசி உறைகளோடு தொங்கிக்கொண்டிருந்ததைத்தான் நான் வாங்கினேன். பில் கேட்டேன், ‘இதற்கெல்லாம் பில் கிடையாது’ என்றார்கள். அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும்.

இப்போது நான் வைத்திருக்கும் 64 ஜிபி, வி30 கார்டு ஒன்றுக்குக் கொடுத்தது 1,090 ரூபாய். தனி ரீடர் 400 ரூபாய். இந்த விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். வாங்கும் அன்று மூன்று நான்கு இடங்களில் விலையைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

மதுரைக்குப் போய் வாங்க அரை நாளும் பஸ் செலவும் ஆகும்; ஒரு கார்டுக்காக மட்டும் போக வேண்டாம். ராமநாதபுரத்திலேயே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையைக் கேட்டு வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் தளத்தின் பெயரைப் பார்க்காமல் விற்பனையாளரின் பெயரைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் பலர் விற்பார்கள். அவர்களில் யார் என்பதுதான் முக்கியம். உறையைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி தொடக்கம் முதல் வீடியோ எடுத்துவையுங்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள் மூன்று. ஜிஎஸ்டி எண் உள்ள பில், அதில் கார்டின் மாடலும் கொள்ளளவும் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, கார்டு வந்த அட்டை உறை. உத்தரவாதக் காலம் அதில்தான் இருக்கும், கிழித்து எறியாதீர்கள். மூன்றாவது, கார்டின் பின்புறம் உள்ள எண்ணின் புகைப்படம். பில்லின் மை சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால் அதையும் அன்றே படம் எடுத்துவிடுங்கள். உத்தரவாதம் என்பது கார்டுக்கு மட்டுமே, அதற்குள் இருந்த படத்துக்கு இல்லை. போலி என்று தெரிந்தும் விற்றவர் பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாத நான் அங்கே என்ன சொல்லிப் புகார் கொடுக்க முடியும்?

6. வாங்கிய அன்றே முழுக் கார்டையும் நிரப்பிச் சோதியுங்கள்

போலிக் கார்டு தன்னை 32 ஜிபி என்று கேமராவிடம் சொல்லும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் எழுதுவது போலவே காட்டும். அதனால் நான்கு படம் எடுத்துப் பார்த்துத் திருப்தி அடைவதில் பயனில்லை. என் கார்டிலும் முதல் நாள் எடுத்தவை எல்லாம் சரியாகத் திறந்தன.

விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. காலிக் கார்டைப் போட்டு ஓடவிட்டால் கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். பழைய யூஎஸ்பி-2 ரீடரில் 64 ஜிபிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். வேகமான ரீடரில் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பிழையின்றி முடிந்தது என்று வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து பில்லோடு வையுங்கள். பிழை வந்தால் அன்றே திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்குங்கள். அதற்கான கெடு சில நாள்தான்.

சோதனை முடிந்ததும் கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலிருந்தே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் வேண்டாம். பிறகு பேட்டரி தீரும் வரை வீட்டுக்குள்ளேயே வீடியோ பதிவை ஓடவிடுங்கள். மின்விசிறியைப் படம் எடுத்தாலும் பரவாயில்லை. நிற்காமல் ஓடினால் கார்டும் கேமராவும் ஒத்துப்போகின்றன. பெரிய எஸ்டி கார்டின் இடப்பக்கம் ஒரு சிறு பூட்டு இருக்கிறது. அது கீழே இறங்கியிருந்தால் எழுத முடியாது. போடும்போது விரல் பட்டு இறங்கிவிடும், கவனியுங்கள்.

7. கதவை எங்கே மூடுவது

மண்டபத்தில் தென்கடல் பக்கம் ஒருமுறை படகில் போனபோது பாதி வழியில் கார்டை மாற்றக் கேமராவைக் கையில் எடுத்தேன். சட்டையில் கை துடைத்துவிட்டேன், அது போதும் என்று நினைத்தேன். படகோட்டி அண்ணன் தடுத்துவிட்டார். “தம்பி, கையைத் துடைத்தால் மட்டும் போதாது. காற்றிலேயே உப்பும் மணலும் இருக்கிறது. கரைக்குப் போய் வீட்டுக்குள் வைத்துத் திறந்துகொள்” என்றார். சங்கு குளித்து வளர்ந்தவர். கேமரா தொட்டதே இல்லை. அவர் சொன்னதுதான் சரி.

அன்று மாலை வீட்டில் கதவைத் திறந்து அலைபேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். தண்ணீர் புகாமல் கதவை அடைக்கும் ரப்பர் வாஷரின் மேல் ஒரே ஒரு மணல் துகள், சர்க்கரைத் தூளைப் போல மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்திய முறை அரியமான் கடற்கரையில் வைத்துத் திறந்தபோது வந்ததாக இருக்க வேண்டும். அந்த ஒரு துகள் வாஷருக்கும் கதவுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போக வழி கிடைத்திருக்கும். ஒரு தலைமுடி சிக்கினாலும் அப்படித்தான்.

ஆகவே, முதல் நாள் இரவே வீட்டில் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கையைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கார்டையும் முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரியையும் போடுங்கள். நார் உதிராத துணியால் வாஷரையும் அது படியும் விளிம்பையும் துடையுங்கள். சாதாரணப் பஞ்சு வேண்டாம். விளக்கைச் சாய்த்து அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். மூடி, பூட்டு இரண்டும் விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். வாஷரில் எண்ணெய், வாசலின் எதையும் தடவாதீர்கள். கையேடு குறிப்பிட்ட கிரீஸைத் தவிர வேறு எதுவும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

நீர்புகாத தனிக் கூட்டுக்குள் கேமராவை வைப்பவர்கள் ஏசி அறை இருந்தால் அங்கே வைத்து மூடுங்கள். கடற்கரையின் ஈரக் காற்றைக் கூட்டுக்குள் அடைத்துவிட்டால், தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும்.

8. திரும்பி வந்த பிறகு

படத்தைப் பார்க்கும் ஆசையில் உடனே திறக்காதீர்கள். கதவு மூடியபடியே கேமராவை நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். கையேடு எவ்வளவு நேரம் சொல்கிறதோ அவ்வளவு. எங்கள் ஊர்களில் பல கிணறுகள் உவர்ப்பு என்பதால் குடிக்கும் தண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசுகிறேன். துணியால் ஒற்றி, கதவு இடுக்கில் நிற்கும் தண்ணீர் வடியும்வரை காத்திருந்து, கதவு கீழ்ப்பக்கம் இருக்குமாறு பிடித்துத் திறங்கள். மிச்சம் இருக்கும் துளி உள்ளே போகாமல் கீழே விழும்.

அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கேமராவில் ஃபார்மட். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள்; ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பல நேரம் மீட்க முடியும்.

9. கார்டின் மேல் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால்

கார்டின் உறையில் நீர்புகாது என்று எழுதியிருக்கலாம். பல கார்டுகளுக்கு அது உண்மையும்கூட. ஆனால் பொன்னிறத் தொடுமுனைகளில் உப்பு படிந்தபடி மின்சாரம் பாய்ந்தால் அரிப்புத் தொடங்கிவிடும். கேமராவை உடனே அணைத்து, பேட்டரியை எடுத்துவிடுங்கள். கார்டை பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். அது இல்லையென்றால் குடிநீர். வெயிலில் வைக்காமல், ஹேர் டிரையர் காட்டாமல், நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள்.

உலர்ந்த கார்டை முதலில் கேமராவில் போடாதீர்கள், ரீடரில் போடுங்கள். கெட்டால் 400 ரூபாய் ரீடரோடு போகட்டும். படங்கள் இறங்கிவிட்டால் அந்தக் கார்டை இனிக் கடலுக்கு எடுத்துப்போக வேண்டாம். கேமராவின் கார்டு இடத்துக்குள்ளேயே ஈரம் போயிருந்தால் பேட்டரியைப் போட்டுச் சோதிக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். போனது கடல் தண்ணீர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல தண்ணீர் என்று சொன்னால் அவர்கள் வெறுமனே உலர்த்தித் தருவார்கள், உப்பு உள்ளேயே இருக்கும்.